கால்கரி ஸ்டாம்பீட்: பத்து நாள் கொண்டாட்டமும் குதிரைகளைச் சூழ்ந்த கேள்வியும்

கனடாவின் மேற்குப் பகுதியிலுள்ள ஆல்பர்ட்டா மாகாணத்தின் மிகப்பெரிய நகரமான கால்கரி, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் பத்து நாள்களுக்குத் தன் தோற்றத்தையே மாற்றிக்கொள்கிறது. எண்ணெய் நிறுவனங்களின் தலைமையகங்கள் நிறைந்த நகரின் மையப் பகுதியில், வங்கி ஊழியர்களும் வழக்குரைஞர்களும் அகன்ற விளிம்புத் தொப்பியும் தோல் காலணியும் அணிந்து பணிக்கு வருகின்றனர். அலுவலக வாயில்களில் வைக்கோல் கட்டுகள் அடுக்கப்படுகின்றன. கடைகளின் கண்ணாடிச் சுவர்களில் குதிரைகளும் காளைகளும் வண்ணத்தில் தீட்டப்படுகின்றன. நகரமே கால்நடை மேய்ப்பர்களின் காலத்துக்குத் திரும்பிச் சென்றதைப் போன்ற காட்சி இது.

‘கால்கரி ஸ்டாம்பீட்’ என்று அழைக்கப்படும் இத்திருவிழா, உலகின் மிகப்பெரிய ரோடியோ விழாக்களில் ஒன்றாகும். கடந்த 2024-ஆம் ஆண்டில் 14,77,953 பேர் இவ்விழாவுக்கு வருகை தந்தனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கால்கரி நகரின் மக்கள்தொகை சுமார் 13 இலட்சம். அதாவது, நகரில் வசிப்போரின் எண்ணிக்கையைக் காட்டிலும் விழாவுக்கு வந்தோரின் எண்ணிக்கை அதிகம்.

அணிவகுப்பு, இராட்டினங்கள், எண்ணெயில் பொரித்த தின்பண்டங்கள், குதிரை வண்டிப் பந்தயம் எனக் கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. அதே வேளையில், பந்தயத்தில் உயிரிழக்கும் குதிரைகள் குறித்த கேள்வியும் ஆண்டுதோறும் எழுகிறது. இவ்விழா எப்படித் தோன்றியது, அங்கு என்னவெல்லாம் நடைபெறுகின்றன, சர்ச்சை எதைப் பற்றியது என்பதைப் பார்ப்போம்.

விடைபெறும் விழாவாகத் தோன்றியது

கால்கரியில் வேளாண் கண்காட்சி 1886-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனால், இன்றைய விழாவின் அடையாளமாக விளங்கும் ரோடியோவைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த கை வீடிக். சுருக்குக் கயிற்றைச் சுழற்றி வித்தை காட்டும் மேடைக் கலைஞரான அவர், ஊர் ஊராகச் செல்லும் காட்சிக் குழு ஒன்றுடன் 1908-ஆம் ஆண்டில் கால்கரிக்கு வந்தார்.

அக்காலகட்டத்தில் மேற்குக் கனடாவின் திறந்தவெளி மேய்ச்சல் நிலங்கள் வேகமாகச் சுருங்கிக்கொண்டிருந்தன. புல்வெளிகளில் வேலி போடப்பட்டு, கோதுமை வயல்கள் பெருகின. குதிரையில் அமர்ந்து மந்தைகளை ஓட்டிச் செல்லும் மேய்ப்பர்களின் வாழ்க்கை முடிவுக்கு வந்துவிடும் என்று பலரும் கருதினர். அந்த வாழ்க்கையை ஒருமுறை பெரிய அளவில் கொண்டாட வேண்டும் என்ற வீடிக்கின் யோசனைக்கு, கால்நடைப் பண்ணைத் தொழிலில் செல்வாக்குப் பெற்றிருந்த பேட் பர்ன்ஸ், ஜார்ஜ் லேன், ஏ.ஜே. மெக்லீன், ஏ.ஈ. கிராஸ் ஆகிய நால்வர் 1 இலட்சம் டாலர் பொறுப்பேற்க முன்வந்தனர். ‘பெரிய நால்வர்’ என்றே இவர்கள் இன்றளவும் குறிப்பிடப்படுகின்றனர்.

முதல் ஸ்டாம்பீட் 1912-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடைபெற்றது. அதன் தொடக்க அணிவகுப்பைக் காண, அன்றைய நகர மக்கள்தொகையைவிட அதிகமானோர் திரண்டனர். முதல் உலகப் போர் முடிந்த பின்னர், 1919-ஆம் ஆண்டில் ‘வெற்றி ஸ்டாம்பீட்’ என்ற பெயரில் இரண்டாவது விழா நடத்தப்பட்டது. 1923-ஆம் ஆண்டில் ரோடியோவும் பழைய கண்காட்சியும் ஒன்றாக இணைக்கப்பட்டு, ஆண்டு விழாவாக உருப்பெற்றன. மறைந்துபோகும் ஒரு வாழ்க்கைக்கு விடைகொடுக்கத் தொடங்கிய விழா, நூறாண்டுகளைக் கடந்து அந்நகரின் அடையாளமாகவே மாறிவிட்டது.

இலாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று இவ்விழாவை நடத்துகிறது. சுமார் 2,500 தன்னார்வலர்கள் பல்வேறு குழுக்களாகப் பிரிந்து ஆண்டு முழுவதும் இதற்காகப் பணியாற்றுகின்றனர்.

அணிவகுப்பும் இலவசக் காலை உணவும்

ஜூலைத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நகரின் மையப் பகுதியில் நடைபெறும் அணிவகுப்புடன் விழா தொடங்குகிறது. இசைக்குழுக்கள், அலங்கார ஊர்திகள், நூற்றுக்கணக்கான குதிரைகள், பாரம்பரிய உடையணிந்த முதற்குடி மக்கள், பல்வேறு நாடுகளிலிருந்து குடியேறிய சமூகத்தினர் என ஊர்வலம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீள்கிறது. இதனைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. முன்வரிசையில் இடம்பிடிக்க, குடும்பங்கள் விடியற்காலையிலேயே மடக்கு நாற்காலிகளுடன் நடைபாதையில் வந்து அமர்ந்துவிடுகின்றன.

புகழ்பெற்ற ஒருவர் ஆண்டுதோறும் அணிவகுப்புக்குத் தலைமையேற்பது மரபு. விண்வெளி வீரர் கிரிஸ் ஹாட்ஃபீல்டு 2013-ஆம் ஆண்டில் இப்பொறுப்பை ஏற்றார். 2011-ஆம் ஆண்டு விழாவில் பிரிட்டன் இளவரசர் வில்லியமும் அவருடைய மனைவி கேத்தரினும் கலந்துகொண்டனர். நகருக்கு வரும் முக்கிய விருந்தினர்களுக்கு வெள்ளைத் தொப்பி அணிவித்து வரவேற்பது கால்கரியின் வழக்கம். நம் ஊரில் பொன்னாடை போர்த்துவதற்கு இணையான மரியாதை இது.

இவ்விழாவின் மற்றொரு மரபு, இலவசக் காலை உணவு. 1923-ஆம் ஆண்டில் வண்டிப் பந்தயத்துக்கு வந்த போட்டியாளர் ஒருவர், நகரின் மையத்தில் தம் வண்டியை நிறுத்தி, அடுப்பு மூட்டி, தாம் சமைத்த உணவை வழிப்போக்கர்களுக்கும் வழங்கியதிலிருந்து இது தொடங்கியதாகக் கூறப்படுகிறது. தற்போது இந்தப் பத்து நாள்களிலும் வணிக வளாகங்கள், தேவாலயங்கள், நிறுவனங்கள், குடியிருப்போர் சங்கங்கள் ஆகியவை நகரெங்கும் பான்கேக் சுட்டு வழங்குகின்றன. பிரதமர் முதல் உள்ளூர் உறுப்பினர் வரை, அரசியல் தலைவர்கள் இடுப்பில் மேலங்கி கட்டிக்கொண்டு பான்கேக் புரட்டும் படங்கள் ஆண்டுதோறும் நாளேடுகளில் வெளியாகின்றன.

காலை உணவின் சுவையும் காலத்துக்கேற்ப மாறியுள்ளது. இஸ்மாயிலி முஸ்லிம் சமூகத்தினர் நடத்தும் காலை உணவு நிகழ்ச்சியில், பான்கேக்குடன் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் செய்யும் ‘பராசி’யும் பரிமாறப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறிய இந்திய வம்சாவளியினரின் உணவு அது.

இந்திய வம்சாவளி மேயர்கள்

அண்மைக் காலத்தில் கால்கரி நகரின் மேயர் பதவியை இந்திய வம்சாவளியைச் சேர்ந்த இருவர் அடுத்தடுத்து வகித்துள்ளனர். தான்சானியாவிலிருந்து குடியேறிய, குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த நாஹித் நென்ஷி 2010 முதல் 2021 வரை மேயராக இருந்தார். அவரைத் தொடர்ந்து, பஞ்சாபி பெற்றோருக்குப் பிறந்த ஜோதி கோண்டெக் 2025 வரை அப்பதவியில் இருந்தார். அந்நகரின் முதல் பெண் மேயர் அவரே.

ஸ்டாம்பீட் அணிவகுப்பில் மேயர் பங்கேற்பது எழுதப்படாத விதியாகும். தொப்பியணிந்து குதிரைமீது அமர்ந்து நென்ஷி ஊர்வலம் வந்தது அப்போது பெரிதும் பேசப்பட்டது. மேய்ப்பர்களின் விழாவாகத் தொடங்கிய ஒன்று, புலம்பெயர்ந்து வந்தவர்களின் விழாவாகவும் விரிவடைந்திருப்பதை அக்காட்சி உணர்த்தியது.

எட்டு விநாடிப் போராட்டம்

விழாத் திடலில் நாள்தோறும் பிற்பகலில் ரோடியோ போட்டிகள் நடைபெறுகின்றன. இவற்றை இரு வகைகளாகப் பிரிக்கலாம். முதல் வகை, முரட்டு விலங்கின்மீது அமர்ந்து தாக்குப்பிடிப்பது. சேணம் பூட்டிய குதிரை, சேணமற்ற குதிரை, காளை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் போட்டிகள் உண்டு. வீரர் ஒரு கையால் மட்டுமே பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றொரு கை விலங்கின்மீதோ தம் உடல்மீதோ படக் கூடாது. எட்டு விநாடிகள் கீழே விழாமல் இருந்தால்தான் மதிப்பெண் கிடைக்கும்.

மதிப்பெண் வழங்கும் முறை புதியவர்களுக்கு வியப்பளிக்கக் கூடியது. மொத்தம் 100 மதிப்பெண்களில் பாதி வீரருக்கும், மீதிப் பாதி விலங்குக்கும் உரியவை. விலங்கு எவ்வளவு வேகமாகத் துள்ளுகிறது, எப்படித் திசை மாற்றிச் சுழல்கிறது என்பவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சாதுவான குதிரை கிடைத்தால் அது வீரருக்குப் பின்னடைவே. இதனால் திறமையாகத் துள்ளும் குதிரைகளும் காளைகளும் வீரர்களுக்கு இணையாகப் புகழ்பெறுகின்றன.

இரண்டாவது வகை, நேரத்தை அடிப்படையாகக் கொண்டது. ஓடும் கன்றைச் சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து, குதிரையிலிருந்து குதித்து, அதைத் தரையில் சாய்த்து மூன்று கால்களைக் கட்டுவது ஒரு போட்டி. விரையும் குதிரையிலிருந்து பாய்ந்து எருதின் கொம்புகளைப் பிடித்து வீழ்த்துவது மற்றொரு போட்டி. மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரைந்து செலுத்தும் போட்டியில் பெண்கள் பங்கேற்கின்றனர். இப்போட்டிகளில் விநாடியின் நூறில் ஒரு பங்கு வெற்றியாளரை முடிவு செய்வதும் உண்டு. விழாவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இறுதிச்சுற்று நடைபெறுகிறது.

‘அரை மைல் நரகம்’

மாலை நேரத்தில் நடைபெறும் ‘சக்வேகன்’ பந்தயமே இவ்விழாவின் உச்சம் என்று உள்ளூர் மக்கள் கருதுகின்றனர். மந்தைகளுடன் பல நாள்கள் பயணிக்கும் மேய்ப்பர்களுக்கு உணவு சமைத்துக் கொடுக்க உடன் சென்ற சமையல் வண்டியே சக்வேகன். கித்தான் கூரை போட்ட அவ்வண்டிகளை வைத்து 1923-ஆம் ஆண்டில் இப்பந்தயம் அறிமுகப்படுத்தப்பட்டது.

ஒவ்வொரு வண்டியையும் நான்கு குதிரைகள் இழுக்கின்றன. ஒலி எழுந்தவுடன், துணைக் குதிரை வீரர்களில் ஒருவர் அடுப்பைக் குறிக்கும் பொருளை வண்டியின் பின்புறத்தில் தூக்கி வைக்க வேண்டும். முகாமைக் கலைத்துக்கொண்டு அவசரமாகப் புறப்படும் பழைய காட்சியின் மறுவடிவம் இது. பின்னர், வண்டி இரண்டு பீப்பாய்களை எட்டு வடிவில் சுற்றிவந்து, ஓடுபாதையில் நுழைந்து எல்லைக் கோட்டை நோக்கி விரைகிறது. துணை வீரர்களும் தங்கள் குதிரைகளில் ஏறி வண்டியைத் தொடர்கின்றனர். பீப்பாயைத் தட்டிவிட்டால் ஐந்து விநாடிகள் தண்டனையாகச் சேர்க்கப்படும். ஒன்றுக்கொன்று நெருங்கிய வண்டிகள், புழுதி, இரைச்சல், குறுகிய வளைவுகள் ஆகியவற்றால் இப்பந்தயத்துக்கு ‘அரை மைல் நரகம்’ என்ற பெயரே ஏற்பட்டுவிட்டது.

வண்டியின் கித்தான் கூரையில் விளம்பரம் செய்யும் உரிமை ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. நிறுவனங்கள் போட்டி போட்டு ஏலம் கேட்கின்றன. பந்தயத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இதுவே முக்கிய வருவாய். பல குடும்பங்களில் பாட்டன், தந்தை, மகன் எனத் தலைமுறைகளாக இத்தொழில் தொடர்கிறது.

தின்பண்டங்களின் பத்து நாள்

ரோடியோவைப் பார்க்காமல், உண்பதற்காகவே விழாத் திடலுக்கு வருவோரும் ஏராளம். இராட்டினங்கள் சுழலும் கேளிக்கைப் பகுதியில் வரிசை வரிசையாக உணவுக் கடைகள் அமைக்கப்படுகின்றன. சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவிச் சூடாகப் பையில் போட்டுத் தரப்படும் சிறிய டோனட்டுகள் இவ்விழாவின் நிரந்தரச் சுவை. சோள மாவில் தோய்த்துப் பொரித்துக் குச்சியில் செருகித் தரும் ‘கார்ன் டாக்’, எலுமிச்சைச் சாறு, ரொட்டிக்குள் வைத்த மாட்டிறைச்சி ஆகியவையும் பழகிப்போன பண்டங்களே.

இவற்றுடன், ஒவ்வோர் ஆண்டும் பல டஜன் புதிய உணவுகளின் பட்டியலை விழா அமைப்பினர் முன்கூட்டியே வெளியிடுகின்றனர். பட்டியலில் எது மிகவும் விசித்திரமானது என்பது நகரில் சில நாள்களுக்குப் பேசுபொருளாகிறது. எண்ணெயில் பொரித்த வெண்ணெய், தேள் தூவிய பீட்சா, ஊறுகாய் வெள்ளரி பீட்சா எனப் பலவும் இதுவரை இடம்பெற்றுள்ளன. சுவையைவிடத் துணிச்சலைச் சோதிக்கும் பண்டங்கள் இவை. ஒருவர் வாங்க, நால்வர் சேர்ந்து படமெடுத்துப் பகிர்ந்து உண்பதே வழக்கம்.

முதற்குடி மக்களின் கூடாரங்கள்

திடலின் ஒரு பகுதியில், எல்போ ஆற்றங்கரையை ஒட்டி 26 கூம்பு வடிவக் கூடாரங்கள் அமைந்துள்ளன. சிக்சிகா, கைனாய், பிகானி, சூட்டினா, ஸ்டோனி நகோடா ஆகிய முதற்குடி மக்களின் குடும்பங்கள் விழா நாள்களில் அங்கு தங்குகின்றன. அவர்களின் நடனம், முரசிசை, மணி வேலைப்பாடு, உணவு ஆகியவற்றைப் பார்வையாளர்கள் நேரில் அறியலாம்.

1912-ஆம் ஆண்டில் இவர்களின் பங்கேற்பு எளிதாக அமையவில்லை. முதற்குடி மக்களின் சடங்குகளுக்குச் சட்டத்தால் தடை விதிக்கப்பட்டிருந்த காலம் அது. அவர்கள் தங்கள் குடியிருப்பு எல்லையை விட்டு வெளியேறுவதற்கும் அதிகாரிகளின் கட்டுப்பாடு இருந்தது. விழாவில் அவர்கள் கலந்துகொள்வதை அரசுத் துறை விரும்பவில்லை. பின்னாளில் பிரதமரான ஆர்.பி. பென்னெட் உள்ளிட்டோரின் உதவியுடன் வீடிக் அனுமதி பெற்றார். அந்த முதல் விழாவில், நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கீழே தள்ளியதாகச் சொல்லப்பட்ட ‘சைக்ளோன்’ என்ற குதிரையை அடக்கிப் பட்டம் வென்றவர், கைனாய் இனத்தைச் சேர்ந்த டாம் த்ரீ பெர்சன்ஸ்.

தடைகள் நிலவிய ஆண்டுகளில், தங்கள் உடையையும் நடனத்தையும் வெளிப்படையாகப் பேணுவதற்கு இவ்விழா ஓர் இடமளித்ததாக முதற்குடிக் குடும்பங்களில் பலர் கருதுகின்றனர். ஒரு மக்களினத்தின் வாழ்வைக் காட்சிப் பொருளாக்கியது என்ற விமர்சனமும் உண்டு. ‘இந்தியன் வில்லேஜ்’ என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அப்பகுதி, அக்குடும்பங்களின் விருப்பப்படி 2018-ஆம் ஆண்டில் ‘எல்போ ரிவர் கேம்ப்’ எனப் பெயர் மாற்றப்பட்டது.

வெள்ளமும் பெருந்தொற்றும்

2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெய்த பெருமழையால் போ, எல்போ ஆகிய இரு ஆறுகளும் கரைபுரண்டன. விழாத் திடல் முழுவதும் நீரில் மூழ்கியது. அருகிலுள்ள உள்விளையாட்டரங்கில் இருக்கை வரிசைகள் வரை நீர் ஏறியது. விழா தொடங்க இரண்டு வாரங்களே இருந்தன. எது வந்தாலும் விழா நடக்கும் என அறிவித்த அமைப்பினர், சேற்றை அகற்றித் திடலைச் சீரமைத்து, குறித்த நாளில் விழாவைத் தொடங்கினர். அந்த உறுதிமொழி அச்சிட்ட சட்டைகளின் விற்பனை மூலம் 20 இலட்சம் டாலருக்கும் அதிகமான நிவாரண நிதி திரண்டது.

வெள்ளத்தால் நிறுத்த முடியாத விழாவைக் கொரோனா நிறுத்தியது. 1923-க்குப் பின்னர் முதன்முறையாக 2020-இல் விழா ரத்து செய்யப்பட்டது. 2021-இல் பார்வையாளர் எண்ணிக்கையைக் குறைத்து, வண்டிப் பந்தயம் இன்றி நடத்தப்பட்டது.

சர்ச்சை எதைப் பற்றியது?

பெருந்தொற்றுக்கு முந்தைய 2019-ஆம் ஆண்டு விழா, கசப்பான நினைவாக அமைந்தது. வண்டிப் பந்தயங்களில் மட்டும் ஆறு குதிரைகள் உயிரிழந்தன. காலெலும்பு முறிந்த பந்தயக் குதிரையைக் குணப்படுத்துவது பெரும்பாலும் இயலாது. எனவே, அவை கருணைக் கொலை செய்யப்படுகின்றன. 1986-ஆம் ஆண்டு முதல் நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகள் இவ்விழாவில் உயிரிழந்துள்ளதாகவும், அவற்றில் பெரும்பாலானவை சக்வேகன் குதிரைகள் எனவும் வான்கூவர் ஹியூமேன் சொசைட்டி என்ற விலங்கு நல அமைப்பு தெரிவிக்கிறது. கன்றைக் கயிற்றால் இழுத்து வீழ்த்தும் போட்டியையும் அவ்வமைப்பு கடுமையாக எதிர்க்கிறது.

விழா அமைப்பினர் இதனைப் புறக்கணிக்கவில்லை. குதிரைகளுக்கு நுண்சில்லு பொருத்தி அடையாளப்படுத்துதல், போட்டிக்கு முன்னர் கால்நடை மருத்துவர்களின் பரிசோதனை, கட்டாய ஓய்வு நாள் ஆகிய விதிகள் 2011 முதல் நடைமுறைக்கு வந்தன. 2019-ஆம் ஆண்டு நிகழ்வுகளுக்குப் பின்னர், ஒரு சுற்றில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. நெரிசல் குறைந்தால் மோதலும் குறையும் என்பது இதன் அடிப்படை.

வண்டியோட்டிகள் மற்றொரு வாதத்தை முன்வைக்கின்றனர். சக்வேகன் குதிரைகளில் பெரும்பாலானவை, குதிரைப் பந்தயத் திடல்களில் இனி தேவையில்லை என ஒதுக்கப்பட்டவை. அவை இறைச்சிக்கூடத்துக்குச் செல்லாமல், தங்களிடம் மேலும் சில ஆண்டுகள் நல்ல பராமரிப்புடன் வாழ்கின்றன என்று அவர்கள் கூறுகின்றனர். ஒரு குதிரை இறந்தால், அதை வளர்த்த குடும்பமே துயரத்தில் ஆழ்வதாகவும் சொல்கின்றனர். விதிகள் எவ்வளவு மாறினாலும், கேளிக்கைக்காக விலங்கை ஆபத்துக்குள்ளாக்கலாமா என்பதே அடிப்படைக் கேள்வி என்கின்றனர் எதிர்ப்பாளர்கள்.

இவ்விரு தரப்புக்கும் இடையில் நிற்கிறது கால்கரி ஹியூமேன் சொசைட்டி. விலங்குகளுக்கு ஆபத்து விளைவிக்கும் போட்டிகளைக் கொள்கையளவில் எதிர்க்கும் இவ்வமைப்பு, விழா நாள்களில் திடலுக்குச் சென்று விலங்குகளின் நிலையைக் கண்காணிக்கிறது. போட்டி நடக்கும் வரை அங்கிருந்து கவனிப்பதே விலங்குகளுக்கு நன்மை தரும் என்பது அதன் நிலைப்பாடு.

வேறு இடங்களில் இக்கேள்விக்குச் சட்டமே விடையளித்துள்ளது. பிரிட்டனில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம், ரோடியோ போட்டிகள் நடத்துவதை ஏறத்தாழ இயலாததாக்கிவிட்டது. கனடாவிலேயே வான்கூவர் நகரம் 2006-ஆம் ஆண்டில் ரோடியோவுக்குத் தடை விதித்தது. கால்கரியில் அத்தகைய தடை இல்லை.

செல்ல விரும்புவோர் கவனிக்க வேண்டியவை

விழா நாள்களில் கால்கரியில் விடுதி அறைகள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், பல மாதங்களுக்கு முன்னரே முன்பதிவு செய்வது நல்லது. இந்தியர்களுக்கு விசா தேவை. விழாத் திடலின் அருகிலேயே நகர ரயில் நிலையங்கள் உள்ளன. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள நகரம் என்பதால், பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் மாலையில் குளிர்க்காற்றும் ஆலங்கட்டி மழையும் வரக்கூடும். ஜூலையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். இரவில் அரங்க நிகழ்ச்சியும் வாணவேடிக்கையும் நடைபெறுகின்றன.

திடலுக்குள் நுழைவதற்கான சீட்டும், ரோடியோ, வண்டிப் பந்தயம் ஆகியவற்றைக் காண்பதற்கான அரங்கச் சீட்டும் தனித்தனியே விற்கப்படுகின்றன. எனவே, பந்தயங்களைப் பார்க்க மனம் ஒப்பாதவர்களும் அணிவகுப்பு, கண்காட்சி, முதற்குடி மக்களின் கூடாரங்கள், தின்பண்டக் கடைகள் ஆகியவற்றைக் கண்டு திரும்பலாம். குதிரைகள் குறித்த கேள்விக்கு நகரம் இன்னும் ஒருமித்த விடை காணாத நிலையில், அரங்கச் சீட்டு வாங்குவதா வேண்டாமா என்ற முடிவு ஒவ்வொரு பார்வையாளரிடமும் விடப்பட்டுள்ளது.